நம்பர் தெரியாத பேரிங்

கவன்ட்ரி,
12 பிப்ரவரி 1984

அன்புள்ள தம்பி நார்மனுக்கு,

நீயும் கொலீனும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே மேவிஸுக்கு இருமல் விட்டது. என் வலது முழங்கால் மழை வருவதை வானொலிக்கு முன்னால் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆலையில் ஆட்குறைப்பு என்று அக்டோபரில் என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் அட்டையில் அதை எழுத இடமில்லை.

அட்டையைத் தவிர உனக்கு ஒரு கடிதம் எழுதிப் பல வருஷம் ஆயிற்று. இப்போது எழுதக் காரணம் மேவிஸ்தான். வேலை போனவன் வீட்டில் உட்கார்ந்தால் பெண்டாட்டி கண்ணில் படுவதெல்லாம் வேலை. கராஜ் கதவைத் திறந்து, நம் பழைய பந்தயக் காரைக் காட்டி, "இந்த ஹார்க்கோட் ஒண்ணு ஓடணும், இல்ல ஒழியணும். எதுன்னு நீயே சொல்லு" என்றாள். ஓடட்டும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை அடிக்க வேண்டும்.

கியர் பெட்டியைப் பிரித்தேன். ஆமாம், அதே பெட்டிதான். 1958 ஜூலையில் பிராக்கன் மேட்டுப் பந்தயத்தில் பாதி ஏற்றத்தில் இறுகி, என்னையும் நம் வண்டியையும் மண்கரையில் அடித்ததே, அதற்குப் பிறகு யாரும் கை வைக்காத பெட்டி. பல்சக்கரங்கள் நன்றாக இருக்கின்றன. முன்பக்கத்துப் பேரிங்தான் போய்விட்டது. உடைந்து தூள்.

அதைத் தேடித்தான் நாய் படாத பாடு படுகிறேன். ஹார்க்கோட் சங்கத்தில் உதிரிப்பாகம் பார்த்துக்கொள்ளும் ஆம்புரோஸிடம் போனேன்.

"மொத்தமே முந்நூத்திப் பத்து வண்டிதான் செஞ்சான். கம்பெனி செத்து முப்பது வருஷமாச்சு. முன் பேரிங் கேட்டு வர்ற பத்தொன்பதாவது ஆளு நீ" என்றான்.

"மத்தப் பதினெட்டுப் பேரும் என்ன பண்ணாங்க?"

"பாதிப் பேரு வித்துட்டாங்க. மீதிப் பேரு அதுல கோழி வளக்கறாங்க."

நீதான் அங்கே இருபது வருஷத்துக்கு மேலாகப் பேரிங் கடையில் இருக்கிறாயே. உன் அலமாரியில் ஒன்று கிடக்காதா? செப்டம்பரில் அதே மேட்டில் பழைய வண்டிகளுக்கு ஒரு நாள் விடுகிறார்களாம். பெயர் கொடுத்துவிட்டேன்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
சிரில்


அடிலெய்ட்,
4 மார்ச் 1984

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கண்டு கொலீன் யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டாள். இங்கே எல்லோரும் நலம். நாற்பத்தொரு டிகிரி வெயில். உறையில் பசை நாக்கு படுவதற்கு முன்பே ஒட்டிக்கொள்கிறது. வேலை போனதை நினைத்து வருத்தப்படாதே என்று எழுதலாம், ஆனால் வருத்தமாகத்தான் இருக்கும். மேவிஸின் இருமல் திரும்பி வராமலிருக்கட்டும்.

பேரிங் வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். இரண்டு பக்கத்திலும் ஒரு நம்பர் இல்லை! கவுன்டருக்கு வரும் பண்ணைக்காரர்கள்தான் இப்படி. "பேரிங் குடுங்க." "எப்படி இருக்கும்?" "வட்டமா இருக்கும்." நீ என்னோடு ஒரே பட்டறையில் வளர்ந்தவன். வெளிவளையத்தின் பக்கவாட்டில் நம்பர் பொறித்திருக்கும், துடைத்துப் பார்த்து எழுது.

அதைவிட நல்ல வழி, பழைய பேரிங்கையே எனக்கு அனுப்பு. எத்தனை துண்டாக இருந்தாலும் சரி. கையில் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவேன்.

இன்னொன்று. அது எப்படிப் போயிருக்கிறது? குண்டுகள் ஓடும் தடம் செதில் செதிலாக உரிந்திருக்கிறதா, இல்லை நீலம் பாய்ந்திருக்கிறதா? உரிந்திருந்தால் பேரிங் முன்பே உழைத்துத் தேய்ந்தது என்று அர்த்தம். நீலம் என்றால் எண்ணெய் இல்லாமல் காய்ந்து வெந்தது. நம் பெட்டியில் நீலம் இருக்க வாய்ப்பில்லை, அன்று காலை நானே அளவு பார்த்து எண்ணெய் ஊற்றினேன். சும்மாதான் கேட்கிறேன். தொழில் புத்தி.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

தம்பி,
நார்மன்


கவன்ட்ரி,
25 மார்ச் 1984

அன்புள்ள நார்மன்,

கடிதம் வந்தது. சந்தோஷம். இங்கே எல்லோரும் நல்லபடி.

நம்பர் அழிந்துவிட்டது. எவ்வளவு துடைத்தும் தெரியவில்லை. அதனால் என்ன, நானே அளந்து எழுதுகிறேன். பேரிங் உட்காரும் குழியின் விட்டம் இரண்டே முக்கால் அங்குலம். தண்டு ஒன்றேகால் அங்குலம், கொஞ்சம் கூட. கனம் முக்கால் இருக்கலாம். மைக்ரோமீட்டரை ஆம்புரோஸ் இரவல் வாங்கிப் போனான், திரும்பி வரவில்லை. ஆகவே மரஸ்கேல்.

பழையதை அனுப்பத் தேவையில்லை. தபாலாபீஸில் இருக்கும் பெண் கனமான சாமான் என்றாலே முகத்தைச் சுளிக்கிறாள். சுங்கப் படிவம் வேறு மூன்று பிரதி. அளவுதான் கொடுத்துவிட்டேனே.

இந்த வருஷம் வாடகைத் தோட்டத்துண்டில் லீக் வெங்காயம் போட்டிருக்கிறேன். பக்கத்துத் துண்டுக்காரன் ஹோரஸ் தன் லீக்குக்கு பீர் ஊற்றுகிறான். "அது பாட்டுக்கு வளரும்ய்யா, குடிச்சா சீக்கிரமா வளரும்" என்கிறான். குடித்தது அவன்தான் என்று எனக்குச் சந்தேகம். போன வருஷம் கண்காட்சியில் பரிசு வாங்கினது அவன் லீக், அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை. இந்த முறை கோழி எரு போட்டிருக்கிறேன். மேவிஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்துகிறாள்.

கொலீனுக்கு எங்கள் அன்பு.

சிரில்


அடிலெய்ட்,
15 ஏப்ரல் 1984

அண்ணனுக்கு,

நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும்.

பேரிங்கை மரஸ்கேலால் அளந்த மனிதன் உலகத்திலேயே நீ ஒருவன்தான். "ஒன்றேகால் அங்குலம், கொஞ்சம் கூட." அந்தக் கொஞ்சம் எவ்வளவு? அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் ஒன்று கூடினால் தண்டு நுழையாது, ஒன்று குறைந்தால் ஆடும். என்னோடு கவுன்டரில் நிற்கும் ஸ்டாவ்ரோஸ் உன் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "உங்க அண்ணன் பேரிங் கேக்கறாரா, கேக்குக்குத் தட்டு கேக்கறாரா?" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லீக் பற்றி ஒரு பக்கம் எழுத உனக்கு நேரம் இருக்கிறது. நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை.

அட்டவணை மூன்றைப் புரட்டி, உன் அளவுக்குக் கிட்ட வருவதாக ஒன்றை இன்று அனுப்பிவிட்டேன். பொருந்தினால் உன் அதிர்ஷ்டம்.

உரிந்திருந்ததா, நீலமா?

நார்மன்


கவன்ட்ரி,
20 மே 1984

அன்புள்ள நார்மன்,

பார்சல் வந்தது, மிகவும் நன்றி. எல்லோரும் சுகம். மேவிஸுக்குத் தோள்பட்டையில் ஒரு பிடிப்பு.

பேரிங் பொருந்தவில்லை. துளை சரி, விட்டம் சரி. கனம் அரை நூல் கூட. முன் மூடி உட்கார மறுக்கிறது. வெளிவளையத்தைச் சுற்றி லாக் கம்பி உட்கார ஒரு காடி வெட்டியிருக்க வேண்டும், அதுவும் இதில் இல்லை. எடுத்துக்கொண்டு ஆம்புரோஸிடம் போனேன். பார்த்ததும் விழுந்து விழுந்து சிரிக்கிறான், படுபாவி.

"கடையில வாங்கின பேரிங்க ஹார்க்கோட்காரன் அப்படியே போட்டதா சரித்திரம் உண்டா? முதல் வார்ப்புலயே பெட்டியோட நீளம் அரை நூல் குறைஞ்சு போச்சு. வேற எவனா இருந்தாலும் வார்ப்பை மாத்துவான். இவன் என்ன பண்ணான்? வாங்கற பேரிங் ஒவ்வொண்ணையும் சாணை பிடிச்சு மெலிசாக்கினான்!"

"முந்நூத்திப் பத்து வண்டிக்குமா?"

"கம்பெனி மூடற வரைக்கும். அதுக்குன்னே ஒரு ஆளு இருந்தான். கடைசியில ஒரு கடிகாரம் குடுத்து அனுப்பினாங்க."

"இதை பிப்ரவரியிலயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ பிப்ரவரியில பேரிங் இருக்கான்னுதான கேட்ட?"

இவனை என்ன செய்வது சொல். ஆக, எந்த அட்டவணையிலும் அது இருக்காது. காடி உள்ளதாக, கனம் குறைந்ததாக ஏதாவது உண்டா பார். பழையதை அனுப்பு என்று மறுபடி கேட்காதே. மேவிஸ் கராஜைக் கூட்டும்போது குப்பையோடு போட்டுவிட்டாளாம், திங்கட்கிழமை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

உங்கள் ஊரில் குளிர் ஆரம்பித்திருக்குமே. பத்திரம்.

சிரில்


அடிலெய்ட்,
8 ஜூன் 1984

அண்ணனுக்கு,

மேவிஸின் தோள்பட்டைக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுக்கச் சொல். நாங்கள் நலம்.

பிப்ரவரியில் பேரிங் உடைந்து தூள். மார்ச்சில் அதே தூளைத் துடைத்து நம்பர் தேடியிருக்கிறாய், ஆனால் தபாலுக்குக் கனம். மே மாதம் குப்பை வண்டியில் போய்விட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன், கையெழுத்து சரியில்லை என்றால் பொறுத்துக்கொள்.

1958 ஜூனில் முன் பேரிங் புதிதாகக் கிடைக்கவில்லை. உனக்கு நினைவிருக்கும். கிடைத்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். அது புதிதல்ல. உடைக்கப் போட்டிருந்த இன்னொரு ஹார்க்கோட்டிலிருந்து கழற்றினேன். மண்ணெண்ணெயில் கழுவி, காதருகே வைத்துச் சுழற்றிப் பார்த்தேன். சத்தமில்லை. போட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து உன் முழங்கால் நொறுங்கியது.

நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சிரில் உன்மேல் ஒரு குறை சொன்னதில்லை" என்று அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவாள். அந்த வரிக்காகவே அவள் கடிதத்தைத் திறக்கப் பயப்படுவேன். எழுபத்தொன்றில் அம்மா அடக்கத்துக்கு நான் வராதது வேலையால் இல்லை. சவப்பெட்டிக்குப் பின்னால் நீ காலை இழுத்து நடப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இங்கே வந்த புதிதில் ஒரு பந்தயக் குழுவினர் கியர் பெட்டி கட்ட என்னை வந்து கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றேன். என் கை கட்டின பெட்டியில் இன்னொருவன் காலை வைக்க மாட்டேன். இருபத்தைந்து வருஷமாகப் பேரிங் விற்கிறேன். ஒன்றைக்கூட மாட்டியதில்லை. எங்கள் வீட்டுக் காருக்கு எண்ணெய் மாற்றுவது கொலீன்தான்.

உரிந்திருந்தால் உரிந்திருந்தது என்று எழுது. நீ என்னைக் காப்பாற்றியது போதும், அண்ணா. தெரியாமல் சாவதைவிடத் தெரிந்து சாகிறேன்.

காடி உள்ளதாக ஒன்று தனிப் பார்சலில் வருகிறது. கனம் இன்னும் கூடத்தான் இருக்கும். கையில் ஒன்று இல்லாமல் இதற்குமேல் என்னால் ஊகிக்க முடியாது.

நார்மன்


கவன்ட்ரி,
30 ஜூலை 1984

அன்புள்ள நார்மன்,

உன் அண்ணி மேவிஸ் எழுதுகிறேன். தோள்பட்டை பரவாயில்லை. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எதையும் குப்பையில் போடவில்லை. அந்த கராஜில் ஒரு துருப்பிடித்த ஆணியை நகர்த்தினாலே வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இருக்காது. பேரிங்கையா போடுவேன்?

அது ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கிறது. முழுசாக இருக்கிறது. ஜூனில் உன் கடிதம் வந்ததிலிருந்து அந்த மனுஷன் காலையில் டின்னை எடுத்துச் சமையலறை மேஜையில் வைப்பார். மூடியைத் திறப்பார். பார்ப்பார். மூடுவார். டீ ஆறிப்போகும். நீ அனுப்பிய இரண்டாவது பேரிங்கும் கனம் கூட, அதைப் பற்றிக்கூட ஒரு முனகல் இல்லை. லீக் பூச்சி பிடித்துக் கிடக்கிறது, அதற்கும் ஒன்றுமில்லை.

நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. "அதைத் தபால்ல போட்டாத்தான் என்னவாம்? அவன் பாவம், மூணு தடவ கேட்டுட்டான்" என்றேன்.

"உனக்குத் தெரியாது, பேசாம இரு."

"தெரியாதுன்னா சொல்லு, தெரிஞ்சுக்கறேன்."

"அது பேரிங் விஷயம்."

"பேரிங் விஷயத்துக்கு எவனாவது ஆறு வாரம் சோறு இறங்காம இருப்பானா?"

எழுந்து மழையில் வெளியே போய்விட்டார். தொப்பிகூட எடுக்கவில்லை.

நான் இவரைக் கட்டிக்கொண்டது அந்த விபத்துக்கு மூன்று வருஷம் கழித்து. அன்றைக்கு நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. உன் கடிதத்தை நான் படித்தேன், மன்னித்துக்கொள், மேஜைமேல் கிடந்தது. படித்துவிட்டு அழுதேன். டின்னை நானே அனுப்பியிருப்பேன். அது என் சாமான் இல்லை. நீ அவரிடமே கேள். சுற்றி வளைக்காமல் கேள். உங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை என்று தெரியும், இருந்தாலும் கேள்.

அண்ணி,
மேவிஸ்


அடிலெய்ட்,
14 ஆகஸ்ட் 1984

சிரில்,

பிஸ்கட் டின்னை அப்படியே அனுப்பு.

நார்மன்


கவன்ட்ரி,
10 செப்டம்பர் 1984

நார்மன்,

இத்துடன் வருகிறது. தபாலாபீஸ் பெண் ஒன்றும் சொல்லவில்லை.

பிராக்கன் மேட்டுப் பந்தயத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டேன். இங்கே மழை.

சிரில்


அடிலெய்ட்,
2 டிசம்பர் 1984

சிரில்,

நான் நலமாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவும் போவதில்லை.

பார்சல் செப்டம்பர் கடைசியில் வந்தது. கடைக்கு வந்ததால் கவுன்டரில் வைத்தே பிரித்தேன். ஸ்டாவ்ரோஸ் எட்டிப் பார்த்தான். கையில்கூட எடுக்கவில்லை. "அடேயப்பா, எண்ணெய் ஊத்தாம ஓட்டின கழுதை யாரு?" என்று கேட்டான்.

"எங்க அண்ணன்" என்றேன்.

உள்வளையம், வெளிவளையம், ஒன்பது குண்டுகள், எல்லாம் நீலம். பித்தளைக் கூடு உருகி ஒரு பக்கம் வழிந்திருக்கிறது. தடத்தில் ஒரு செதில் இல்லை. நான் போட்ட பழைய பேரிங் இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும். அப்புறம், நம்பர் பளிச்சென்று தெரிகிறது. கண்ணாடி போடாமலே படித்தேன்.

அன்று காலை எண்ணெய் ஊற்றியவன் நான். குச்சியை நனைத்து உன்னிடம் காட்டியவன் நான். அந்தப் பெட்டி தானாக எண்ணெயைக் குடிக்காது. ஒரு நிமிஷ ஓட்டத்துக்கு முழு எண்ணெய் எதற்கு, பாதியை வடித்துவிட்டால் சக்கரங்கள் லேசாகச் சுற்றும், அரை வினாடி மிச்சம் என்று அந்த மேட்டில் பாதிப் பயல்கள் செய்வார்கள். ஏற்றத்தில், இருக்கிற எண்ணெய் எல்லாம் பின்னால் ஓடிவிடும், முன் பேரிங் காய்ந்துவிடும், நம் பெட்டியில் அதைச் செய்யாதே என்று உன்னிடம் படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினாய்.

ஒன்பது வாரமாக எழுதுகிறேன். ஏரோகிராம் தாளில் எவ்வளவுதான் கத்த முடியும்? கோபம் சூடுபிடிக்கும்போது மடிப்பு வந்துவிடுகிறது. ஏழெட்டைக் கிழித்துப் போட்டாயிற்று. கொலீன், "நேர்ல போயி கத்திட்டு வா, வீட்டுல எங்களால தாங்க முடியல" என்று டிக்கெட் எடுத்துவிட்டாள். ஜனவரி பதினொன்றாம் தேதி வருகிறேன்.

நம்பர் கிடைத்ததால் அதே பேரிங் ஒன்றை எடுத்து, கடை மூடிய பிறகு நானே சாணையில் அரை நூல் இறக்கிவிட்டேன். என் முன்னால்தான் இருக்கிறது. தபாலில் அனுப்ப மாட்டேன். நான் வந்து மாட்டுவேன். மன்னிக்க வருகிறேன் என்று நினைத்து மேவிஸிடம் விருந்துக்குச் சொல்லிவைக்காதே. அவளுக்கு மட்டும் என் அன்பு.

ஒன்றை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்து, உன் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பழைய பேரிங், என் தப்பு, எல்லாம். நீ மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாய். உனக்குக் கேட்கவில்லையே என்று இத்தனை வருஷமும் தவித்தேன். மறுபடி சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு மட்டும் நீ விழித்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

நார்மன்


கவன்ட்ரி,
13 டிசம்பர் 1984

நார்மன்,

நீ வருவதற்குள் இது வந்து சேர வேண்டும் என்று எழுதுகிறேன். நீ எதிரில் வந்து நின்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். டீ வேண்டுமா என்று கேட்பேன், மழையைப் பற்றிப் பேசுவேன். என்னை எனக்குத் தெரியும்.

நீ கேன்டீன் வண்டியில் டீ வாங்கப் போயிருந்தாய். பெட்டியின் அடித்திருகைத் தளர்த்தி, பாதி எண்ணெயை ஒரு பெயின்ட் டின்னில் பிடித்தேன். டின்னை வேலிக்குப் பின்னால் வைத்தேன். முதல் ஓட்டத்தில் நம் நேரம் முக்கால் வினாடி குறைந்தது. நீ கையில் இருந்த டீயெல்லாம் சிந்த ஓடிவந்து, "பெட்டி எப்படி வழுக்கிக்கிட்டுப் போகுது பாத்தியா, நான் கட்டினது!" என்று என்னைக் கட்டிப் பிடித்தாய். எண்ணெயைத் திரும்ப ஊற்றிவிட்டுத்தான் இரண்டாவது ஓட்டத்துக்குப் போக வேண்டும் என்று இருந்தேன். நீ வண்டியை விட்டு நகரவே இல்லை. அத்தனை சந்தோஷமாக நின்றாய். உன் கண் முன்னால் ஊற்ற எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் ஒரே ஒரு ஓட்டம்தானே என்று ஏறிவிட்டேன்.

பெட்டிக்குள் உரிந்த பேரிங்தான் இருக்கும் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால் பார்க்கவில்லை. இந்தப் பிப்ரவரியில் பார்த்துவிட்டேன். பார்த்ததும் சொல்லியிருக்க வேண்டும். புதுப் பேரிங் கேட்டு எழுதினேன். என்ன ஜன்மமோ.

நேற்று மேவிஸிடம் சொன்னேன். எழுந்து போய்த் தனக்கு மட்டும் டீ போட்டுக்கொண்டாள்.

இனி ஆஸ்பத்திரி. இதை மட்டும் நீ இங்கே வந்த பிறகு தெரிந்துகொள்ளக் கூடாது. தெரிந்தால் வரவே பிடிக்காமல் போகலாம், அப்படியானால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. நீ வந்தபோது நர்ஸ், "ஊசி போட்டிருக்கு, தூங்கறாரு" என்று சொன்னாள். நீ நாற்காலியை இழுத்தாய். அதன் ஒரு கால் குட்டை, ஆடிக்கொண்டே இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பழைய பேரிங்க போட்டுட்டேன், சிரில். என்னாலதான் எல்லாம்" என்றாய். மண்ணெண்ணெய், காதருகே சுழற்றியது, எல்லாம் சொன்னாய். இரண்டு முறை மூக்கைச் சிந்தினாய். கண்ணைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீ தானாக வந்து தலையைக் கொடுத்தாய், எனக்கு அது சௌகரியமாக இருந்தது. மணி அடித்து வெளியே போகச் சொல்லும்வரை நீ கையை விடவில்லை.

நான் தூங்கவில்லை, நார்மன்.

சிரில்